ஏணியை யார் சாத்தினாலும் ஏறுறது நாமதானே?



இரண்டு மாதமாக ஓர் அக்கா சந்தாவும் கட்டவில்லை, கடன் தவணையும் கட்டவில்லை என்று அவர் குழுவின் ஊக்குநர் வருத்தப்பட்டார். சரி, நேரில் கேட்டு வருவோம் என்று போனோம். போய்ப் பார்த்தால் அந்த அக்கா கட்டிலில் படுத்துக் கிடக்கிறார். சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் ஏணி சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. விழுந்தது பத்தடி உயரம்தான். "மேஸ்திரி சாத்தி வச்ச ஏணிதானேன்னு ஏறிட்டேன் பாப்பா" என்றார். தவணையைப் பற்றிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு குழுக் கூட்டங்களில் "ஏணி ஏறுறவங்க யாரு?" என்று கேட்டுப் பார்த்தோம். கட்டட வேலை, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, முருங்கை பறிப்பது, பரண்மேல் மூட்டை ஏற்றுவது என்று அநேகமாக எல்லாக் கையும் உயர்ந்தது. "ஏறும் முன்னே ஏணியைப் பார்க்கிறவங்க?" என்றோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஏணியைப் பாருங்க. மூங்கில் ஏணி என்றால் அடியில் மாவு மாதிரிப் பொடி உதிர்ந்திருக்கா? அப்படின்னா உள்ளே உளுத்துப் போச்சு, அது அடுப்புக்குத்தான் ஆகும். ஒவ்வொரு படியையும் கையால் ஆட்டிப் பாருங்க. கட்டின கயிறு நைந்திருக்கக் கூடாது. ஆணி மட்டும் அடித்து நிறுத்திய படியை நம்பாதீங்க. பெயிண்ட் அடித்த மர ஏணி பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் விரிசலை அந்தப் பெயிண்டே மறைத்துவிடும்.

அடுத்தது சாத்துகிற விதம். அக்கா விழுந்ததே இதனால்தான். ஏணியின் கால் சுவரை விட்டு ரொம்பத் தள்ளி இருந்தால் பாரம் ஏறியதும் கால் வெளியே வழுக்கி ஓடும். சுவரோடு ஒட்டி நெட்டுக்குத்தலாக இருந்தால் ஏறுகிறவரோடு சேர்ந்து பின்னால் சாயும். கணக்கு இதுதான்: நாலு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தள்ளி. ஏணி சாய்கிற இடம் எட்டு முழ உயரம் என்றால் கால் இரண்டு முழம் தள்ளி இருக்கணும். அளக்க நேரமில்லையா? ஏணிக் காலில் உங்கள் கால்விரல் தொடுகிற மாதிரி நேராக நின்று, இரண்டு கையையும் தோள் உயரத்தில் முன்னே நீட்டுங்க. உள்ளங்கை படியில் வாகாகப் பட்டால் சரிவு சரி.

தரை மேடு பள்ளமாக இருந்தால் நம்ம ஆட்கள் உடனே ஒரு செங்கல்லை முட்டுக் கொடுப்பாங்க. அது உருளும், உடையும். மேடான பக்கத்து மண்ணைக் கொத்தி எடுத்துச் சமப்படுத்துங்க. ஈரமான சிமெண்ட் தரையில் கால் நிற்கவே நிற்காது. தூணிலோ சன்னல் கம்பியிலோ காலைக் கட்டுங்க. மேல்நுனியையும் கட்டணும். முதலில் ஏறிக் கட்டுகிறவருக்கு மட்டும் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். "நான் பிடிச்சுக்கிறேன், நீ போ" என்பது நாள் முழுக்க ஆகாது. பீடி பற்றவைக்கப் போன ஆளை எத்தனை பார்த்திருக்கிறோம்! மாடிக்கு ஏறி இறங்குகிற ஏணி என்றால் தளத்துக்கு மேலே மூன்றடியாவது நீட்டிக்கொண்டு இருக்கணும். இல்லாவிட்டால் கடைசிப் படியில் பிடிக்க எதுவும் இருக்காது.

இப்போது முக்கியமான சங்கதி. நிறைந்த கலவைச் சட்டி 15 கிலோவுக்குக் குறையாது. அதைச் சும்மாட்டின் மேல் வைத்து, ஒரு கையால் சட்டியைப் பிடித்து, மறுகையால் ஏணியைப் பிடித்து ஏறுகிறோம். ஏணியில் எப்போதும் இரண்டு கால் ஒரு கை, அல்லது இரண்டு கை ஒரு கால் என்று மூன்று பிடி இருக்கணும். தலையில் சட்டி இருக்கும்போது அடுத்த படிக்குக் கையை மாற்றும் நொடியில் கால்களைத் தவிர வேறு பிடியே இல்லை. ஆகவே பாரம் கயிற்றில் போகட்டும். ஒரு கப்பியும் நல்ல கயிறும் இருந்தால் போதும். மேஸ்திரியிடம் தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அங்கே வேலை செய்கிற நாலு பேரும் சேர்ந்து கேளுங்க. வங்கி மேலாளரிடம் பேசப் பழகிய நமக்கு இது பெரிசா?

சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகுங்க. ஹவாய் செருப்போடு ஏறாதீங்க. இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்தே இருக்கட்டும். வெள்ளையடிக்கும்போது எட்டி எட்டி அடிக்கிறோமே, அது வேண்டாம்; தொப்புள் ஏணியின் இரண்டு காலுக்கும் நடுவிலேயே இருக்கணும். எட்டவில்லையா, இறங்கி ஏணியை நகர்த்துங்க. மின்கம்பி பக்கத்தில் அலுமினிய ஏணி கூடவே கூடாது. மூங்கிலும் நனைந்திருந்தால் ஷாக் அடிக்கும்.

இன்னொன்று, நாம் வெளியே பேசாதது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். வெறும் வயிற்றோடும், ஆடி வெள்ளி விரதத்தோடும் ஏறினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? கிறுகிறுப்பு இருக்கிற அன்று கீழ் வேலையைக் கேட்டு வாங்குங்க. கர்ப்பிணிகள் ஏறவே வேண்டாம்.

யாராவது விழுந்துவிட்டால் பதறித் தூக்கி உட்கார வைக்காதீங்க. அந்த அக்காவை நாலு பேர் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டு போயிருக்கிறார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அப்படித் தூக்குவதிலேயே கால் இரண்டும் செயலிழக்கலாம். படுத்த நிலையிலேயே விடுங்க. தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீங்க. வாந்தி எடுத்தால் மட்டும் தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக, கட்டையை உருட்டுவது போல எல்லோரும் சேர்ந்து ஒருக்களிங்க. ஷாக் அடித்து விழுந்தவரை, மின்சாரத்தை நிறுத்தாமல் தொடவே கூடாது.

அக்காவிடம் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தது. எடுத்துப் பார்த்தால் புதுப்பிக்கவே இல்லை. 1994-இல் தொடங்கிய வாரியம் அது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். இன்று இரவே உங்கள் பெட்டியில் இருக்கும் அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்க. தேதி முடிந்திருந்தால் உங்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்க. சேர்ந்தே போய் வேலையை முடிக்கலாம். அக்காவின் தவணைக்கு அவருடைய குழுவே மூன்று மாத அவகாசம் தந்து தீர்மானம் எழுதிவிட்டது.

வரும் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு ஒரு மூங்கில் ஏணி கொண்டு வருகிறோம். சாத்திப் பார்த்து, கட்டிப் பார்த்துப் பழகலாம். வேலைக்குப் போகிற சேலையிலேயே வாங்க. வீட்டுக்காரர் மேஸ்திரியாக இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க.