பல்சக்கரம் வெட்டியவர்கள்

சித்திரைக் கடைசியில் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவையொட்டி மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டின் அளவைப் பார்த்துப் பிரித்துத்தான் ஓட்டுவார்கள். வேறு வழியில்லை. வண்டியில் திருகி மாற்றுவதற்கு ஒன்றும் கிடையாது. வேகம் மொத்தமும் மாட்டின் காலில் இருக்கிறது.

மோட்டார் பந்தயம் அப்படியல்ல. எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் பல்சக்கரத்தை மாற்றினால், அதே எஞ்சின், அதே டயர், ஆனால் வண்டி வேறாகிவிடும். பின்சக்கரப் பக்கம் பல் கூடினால் கிளம்பும்போது இழுவை கிடைக்கும். குறைந்தால் நீண்ட நேர்பாதையில் வேகம் ஏறும். இரண்டையும் ஒரே பல்சக்கரம் தராது. ஆகவே எந்த மைதானத்துக்கு எத்தனை பல் என்று கணக்குப் போட்டு, இரும்பில் வெட்டிக் கொடுக்க ஒருவர் வேண்டும். ஓட்டியவரின் பெயர் கோப்பையில் ஏறிவிட்டது. வெட்டியவரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு இது நெடுநாள் மனக்குறை.

அமெரிக்காவில் இந்தக் குறை கொஞ்சம் தீர்ந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அங்கே மண் தரையில் வட்டமடிக்கும் பந்தயங்கள் ஊருக்கு ஊர் நடந்தன. ஓர் ஊரில் கால் மைல் சுற்று, அடுத்த ஊரில் ஒரு மைல். சாயங்காலம் ஈரமாக இருக்கும் மண் இரவில் காய்ந்து வழுக்கும். குட்டிப் பந்தயக் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸே கிடையாது. பின் ஆக்ஸிலில் உள்ள பல்சக்கரம் ஒன்றுதான் கியர். அதை மாற்றுவது லேசான வேலையா? டிஃபரன்ஷியலைப் பிரித்துக் கிரவுன் வீலையும் பினியனையும் ஜோடியாகக் கழற்றி, புது ஜோடியைப் பூட்டி, நடுவே இடைவெளி சரியாக விழும்வரை தகடு வைத்து வைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் பல் உதிர்ந்துவிடும். மெக்கானிக் லாரியின் டிஃபரன்ஷியலைப் பிரித்துப் போட்டிருக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

இதற்கு விடையாக 'குவிக் சேஞ்ச்' என்ற பின் ஆக்ஸில் வந்தது. பலர் செய்தார்கள், பெயர் நிலைத்தது டெட் ஹாலிபிராண்டுக்கு. விமானத் தொழிற்சாலை அனுபவத்தோடு வந்தவர் அவர். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கல்வர் சிட்டியில் பட்டறை வைத்து முதலில் மெக்னீசியச் சக்கரங்கள் வார்த்தார். 1940களின் இறுதியில் இந்த ஆக்ஸிலைக் கொண்டுவந்தார். சூட்சுமம் இதுதான்: கிரவுன் பினியனைத் தொடவே வேண்டாம். எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஆக்ஸிலுக்கு அடியில் புகுந்து பின்பக்கம் போகும். அங்கே நேர்ப்பல் வெட்டிய இரண்டு சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். சுற்று அவற்றின் வழியே மேலேறி, முன்னோக்கித் திரும்பிப் பினியனைச் சுழற்றும். பின்னாலுள்ள மூடியைக் கழற்றினால் அந்த இரண்டு சக்கரங்களும் கையோடு வந்துவிடும். சில நிமிட வேலை.

கணக்கு இன்னும் அழகு. கிரவுன் பினியன் 4.11 என்று வைத்துக்கொள்வோம். பின்னால் 20 பல், 25 பல் என ஒரு ஜோடி. ஒருவிதமாகப் பூட்டினால் 5.14. அதே ஜோடியை மேல்கீழாக மாற்றிப் பூட்டினால் 3.29. ஒரு ஜோடியில் இரண்டு வேகம்! பத்து ஜோடியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனால் எந்த ஊர் மைதானத்துக்கும் பதில் இருக்கிறது. நேர்ப்பல் என்பதால் ஓடும்போது ஊளைச் சத்தம் கேட்கும். பழைய கார்ப் பிரியர்கள் இன்றும் அந்தச் சத்தத்துக்காகவே இதைத் தேடி வாங்கிப் பூட்டுகிறார்கள். 1950களில் இண்டியானாபோலிஸ் பந்தயக் கார்களில் ஹாலிபிராண்டின் சாமான்கள் இல்லாத காரைத் தேடத்தான் வேண்டும்.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்குப் பஞ்சாலைதான் நினைவுக்கு வந்தது. நூற்பாலையின் ரிங் பிரேமில் 'சேஞ்ச் பினியன்' உண்டு. இருபதாம் நம்பர் நூல் ஓடும் மெஷினில் நாற்பதாம் நம்பர் ஓட்ட வேண்டுமானால், ஓரத்து மூடியைத் திறந்து அந்தப் பல்சக்கரத்தை மாற்றுவார்கள். உருளைகளின் வேக விகிதம் மாறும், பஞ்சு இன்னும் மெல்லிசாக இழுபடும். லேத்திலும் இதே கதை. பழைய லேத்தில் மரை வெட்ட, பக்கவாட்டில் உள்ள சேஞ்ச் கியரைக் கணக்குப் பார்த்து மாட்ட வேண்டும். ஹாலிபிராண்ட் பஞ்சாலையைப் பார்த்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஆக்ஸிலில் இருந்த அறிவு, 1908இல் வ.உ.சி. முன்னின்ற வேலைநிறுத்தத்தால் வரலாற்றில் இடம்பெற்ற தூத்துக்குடி கோரல் மில் போன்ற ஆலைகளில் ஒவ்வொரு பிட்டரின் கையிலும் அன்றாடம் புழங்கிய அறிவு என்கிறேன். விசைப்படகுத் தண்டும் உப்பளப் பம்பும் வந்து நிற்கும் லேத் பட்டறைகளில் அந்த அறிவு இன்னும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அது பந்தயமாக மாறிய ஊர் கோயம்புத்தூர். அங்கே ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்யவே வார்ப்படமும் லேத்தும் பெருகின. ஜி.டி. நாயுடு வளர்த்த மோட்டார் மோகம் வேறு. லட்சுமி மில் குடும்பத்தில் 1954இல் பிறந்த கரிவரதன் இந்த இரண்டுக்கும் வாரிசு. சோழவரத்தில் அப்போது பந்தயம் நடந்தது போர்க்கால விமான ஓடுபாதையில். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தியது. இறக்குமதிக்கு லைசென்ஸ் கேட்ட அந்தக் காலத்தில் ஃபியட்டும் ஹெரால்டும்தான் கைக்கு எட்டிய வண்டிகள். கரிவரதன் ஓட்டியதோடு நிற்காமல் செய்யவும் இறங்கினார். 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், அதனால் செலவு குறைவு. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் காரில்தான் தொடங்கினார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குவிக் சேஞ்சுக்கு நம் ஊரில் நேர்வாரிசு யார் என்று கேட்டால், பைக்கின் செயின் ஸ்பிராக்கெட்டைத்தான் சொல்வேன். முன்னால் 14 பல், பின்னால் 42 என்றால் விகிதம் 3. முன்னால் ஒரே ஒரு பல் கூட்டி 15 ஆக்கினால் 2.8. அதையே பின்னால் செய்ய வேண்டுமானால் மூன்று பல் குறைக்க வேண்டும். முன்னால் ஒரு பல் பின்னால் மூன்று பல்லுக்குச் சமம் என்பதை ஆர்.எக்ஸ். 100 காலத்து மெக்கானிக் காகிதம் இல்லாமலே சொல்வார். கோயம்புத்தூர் எல்.ஜி.பி. நிறுவனம் 1937இல் பேருந்துப் போக்குவரத்தில் தொடங்கி, பின்னர் ரோலான் செயினும் ஸ்பிராக்கெட்டும் செய்து, பந்தயங்களுக்கும் தன் பெயரைக் கொடுத்தது. பல்சக்கரம் செய்கிறவர் பந்தயத்தை ஆதரிப்பது முறையான உறவுதான்.

ஹாலிபிராண்டின் வார்ப்புகளில் அவர் பெயர் பதிந்திருக்கிறது. அதனால் எழுபது ஆண்டு கழித்தும் அழுக்கைத் துடைத்துவிட்டு இது யார் செய்தது என்று படிக்க முடிகிறது. சோழவரத்துக்காக நம் பட்டறைகளில் கடைந்த தண்டிலும் பல்லிலும் அப்படி ஒரு முத்திரையும் இல்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. முழுக் கார்கள் அங்கே பளபளக்கின்றன. ஒரு மேசையில் கழற்றிய கிரவுன் பினியனையும் ஸ்பிராக்கெட்டையும் வைத்து, எத்தனை பல், எந்த மைதானம், எந்த ஆண்டு, வெட்டியவர் யார் என்று நாலு வரி எழுதி வைத்தால் போதும். சோழவரத்தில் கடைசியாகப் பந்தயம் ஓடி முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. அன்று லேத்தில் நின்றவர்கள் இன்று எழுபதைத் தாண்டியிருப்பார்கள். கேட்க வேண்டியதை இந்த வருஷமே போய்க் கேட்டாக வேண்டும்.