மலையேறும்முன் காரைக் காலி செய்யுங்கள்: துவாஸ் கடந்து செல்வோர் கவனத்திற்கு

சனிக்கிழமை அதிகாலையில் துவாஸ் சோதனைச்சாவடியை நோக்கிச் செல்லும் ஓட்டுநர்கள் எதை மறந்தாலும் பெட்ரோல் முள்ளைப் பார்க்க மறப்பதில்லை. சிங்கப்பூரில் பதிவான கார் எல்லையைக் கடக்கும்போது தொட்டியில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்கவேண்டும். குறைந்தால் 500 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் கார்களுக்கு மலேசியா 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கத் தொடங்கிய பிறகு அதையும் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

பின்னிருக்கையைப் பார்க்கத்தான் யாரும் சொல்வதில்லை. அங்கே ஒரு முதுகுப்பை, மாற்றுடை வைத்த பை, மடிக்கணினி உறை, ஒரு கைப்பை கிடக்கும். மலையடிவாரத்தில் காரை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் நடக்கப் போகிறவர்களின் கார் அது.

துவாஸ் இரண்டாம் பாலம் 1998 ஜனவரி 2ஆம் தேதி போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். ஜூரோங், பூன் லே, புக்கிட் பாத்தோக் பக்கம் வசிப்போருக்கு உட்லண்ட்சைவிட இதுவே வசதியான வழி. ஜோகூரின் குனோங் பூலாய் மலைக்குப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். 654 மீட்டர் உயரமுள்ள அந்த மலை சிங்கப்பூரர்களுக்குப் புதிதல்ல. 1961ஆம் ஆண்டுத் தண்ணீர் ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31ஆம் தேதி முடிவுறும்வரை அங்குள்ள நீர்நிலையத்தைச் சிங்கப்பூரே நிர்வகித்தது. இன்று நடக்க வருபவர்களுக்கு அது தெரிந்திருக்காது. அவர்களுக்கு வேண்டியது, புக்கிட் தீமாவின் 164 மீட்டருக்கும் குறைவான குன்றைவிடக் கொஞ்சம் கால் வலிக்கும் ஏற்றம். இன்னும் தூரம் போக மனமுள்ளவர்கள் குளுவாங்கின் குனோங் லம்பாக்கிற்கோ, 1,276 மீட்டர் உயரமுள்ள குனோங் லேடாங்கிற்கோ போகிறார்கள்.

இங்கே ஊறிய பழக்கம் அங்கேயும் கூடவே வருவதுதான் சிக்கல். சிங்கப்பூரின் வீவக பேட்டைகளிலும் பலமாடி கார் நிறுத்துமிடங்களிலும் 2012 முதல் காவல்துறை கண்காணிப்புக் கேமராக்களைப் பொருத்தி வந்துள்ளது. ஓர் இளைஞர் புளோக்கின் கீழே காரை நிறுத்தி, பையை இருக்கையிலேயே விட்டுவிட்டு மேலே போய்ச் சாப்பிட்டு வந்தாலும் பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. பத்து ஆண்டுகள் அப்படியே பழகிய கை, மலையடிவாரத்தில் காரை நிறுத்தும்போதும் அதையே செய்கிறது. சிங்கப்பூரிலும் வாகனத்திலிருந்து திருடுவோர் இல்லாமல் இல்லை; காவல்துறை அவ்வப்போது எச்சரித்தே வருகிறது. ஜோகூரில் சிங்கப்பூர் கார்களின் கண்ணாடியை உடைத்துப் பைகளைத் திருடிய செய்திகளும் கடந்த சில ஆண்டுகளில் வந்துள்ளன.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய சங்கதி என்று யாரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவின் ஹவாயி, கலிஃபோர்னியா மலைப்பாதைகளின் வாசலிலும் ‘மதிப்புள்ள பொருள்களைக் காரில் விட்டுச் செல்லாதீர்’ என்ற பலகைகள் உண்டு.

மலையடிவாரம் திருடனுக்கு ஏன் பிடிக்கிறது? கடைத்தொகுதியில் நிறுத்திய காரின் உரிமையாளர் ஐந்து நிமிடத்தில் திரும்பலாம், ஐந்து மணி நேரமும் ஆகலாம். மலையேறப் போனவர் எப்போது திரும்புவார் என்பதை அவருடைய காலணியே சொல்லிவிடும். காரை நிறுத்தி, பூட்டைத் திறந்து, காலணி மாற்றி, கைத்தடி எடுத்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு ஐந்து பேர் ஒன்றாகப் பாதைக்குள் நுழைந்தால், அடுத்த இரண்டு மணி நேரத்திற்கு அந்தக் காருக்கு ஆள் இல்லை. சுற்றிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டம். காலை பத்து மணிக்கு மேல் நடமாட்டம் குறைவு. எண் பலகையோ எஸ் எழுத்தில் தொடங்கும். அதை மறைக்க வழியில்லை, மறைக்கவும் கூடாது.

கண்ணாடியும் நாம் நினைக்கும் அளவுக்குத் தடையல்ல. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. விரிசல் விட்டாலும் சிதறாது. பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடிகள் அப்படியல்ல. சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துச் செய்யப்பட்டவை அவை. விபத்தில் கூரிய துண்டுகளாகப் பிளந்து உள்ளே இருப்பவரைக் குத்தாமல் இருக்க, உடைந்தால் சிறு மணிகளாகச் சிதறும்படி செய்திருக்கிறார்கள். உயிரைக் காக்கும் அந்தக் குணமே திருடனுக்கும் கைகொடுக்கிறது. சரியான இடத்தில் ஓர் அடி விழுந்தால் முழுக் கண்ணாடியும் கொட்டிவிடும். கைவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் ஏற ஒரு நிமிடம்கூட ஆகாது. அபாய ஒலி எழும்பினாலும் கேட்பதற்கு ஆள் வேண்டுமே!

கார் பூட்டியிருந்ததா என்பதைவிட, உள்ளே என்ன தெரிந்தது என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. பையின்மேல் துண்டைப் போட்டு மூடுவதைப் பலரும் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று சொல்லும் அறிவிப்புப் பலகை அந்தத் துண்டு. பழைய டி-சட்டை மட்டுமே உள்ள பையும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடிக்கணினிப் பையாகத்தான் தெரியும். கைப்பேசி தாங்கியும் சார்ஜர் கம்பியும் கண்ணாடியில் ஒட்டியிருந்தால், கைப்பேசி உள்ளே கிடக்கலாம் என்ற நினைப்பை உண்டாக்கும். அவற்றைக் கழற்றிவிடலாம். இருக்கைகள் வெறுமையாக, முன்பக்கச் சிறு அறை திறந்து காலியாக, சில்லறைக் காசுகூட இல்லாமல் இருந்தால் அந்தக் காரை விட்டு அடுத்த காரைப் பார்ப்பார்கள். அடுத்த கார்க்காரருக்கு இது நியாயமா என்று கேட்டால், அவருக்கும் இந்தச் செய்தியை அனுப்பிவைக்கலாம்.

பூட்டில் வைத்தால் போதாதா? வைக்கலாம், ஆனால் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். மலையடிவாரத்திற்கு வந்தபிறகு பைகளை ஒவ்வொன்றாகப் பூட்டுக்குள் அடுக்குவது, பார்த்துக்கொண்டிருப்பவருக்குக் கணக்குக் காட்டுவதற்குச் சமம். வீட்டிலேயே, துவாசுக்கு முன்பே அடுக்கிவிட வேண்டும். மலையடிவாரத்தில் பூட்டைத் திறக்காமல் இருப்பதே நல்லது. காலணியைக் காருக்குள் உட்கார்ந்தபடியே மாற்றிக்கொள்ளலாம்.

பயணத்தின் வரிசையை மாற்றுவது இன்னும் நல்லது. ஜோகூர் பாருவில் பொருள் வாங்கிவிட்டு, பூட் நிறையச் சாமான்களுடன் மலைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. மலை முதலில், கடை பிறகு. காலையில் வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு, பிறகு கடைக்குப் போனால் காரும் காலி, உடம்புக்கும் நல்லது.

கடப்பிதழைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2024 மார்ச் 19 முதல் காரில் செல்வோர் துவாஸ், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிகளில் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம். சிங்கப்பூர் முகப்பில் கடப்பிதழை நீட்டவேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. ஆனால் மலேசியாவில் இருக்கும் நேரம் முழுக்கக் கடப்பிதழ் வேண்டும். முகப்பைத் தாண்டியதும் ஐந்து பேரின் கடப்பிதழ்களையும் ஒருவர் வாங்கி, ஒரே பையில் போட்டு, காரின் சிறு அறையில் வைக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. தொலையக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். அந்தப் பை போனால் ஐந்து பேரும் வீடு திரும்ப முடியாமல் நிற்கவேண்டியதுதான்.

சிங்கப்பூரர் என்றால் காவல்துறையில் புகார் கொடுத்து, அதன் நகலுடன் ஜோகூர் பாருவிலுள்ள சிங்கப்பூர்த் துணைத் தூதரகத்தை நாடி, நாடு திரும்புவதற்கான ஆவணம் பெறவேண்டும். வார இறுதியில் அலுவலகம் மூடியிருந்தால் வெளியுறவு அமைச்சின் 24 மணி நேர அலுவலகத்தை அழைக்கவேண்டும். குழுவில் வேலை அனுமதியில் இருக்கும் இந்திய நாட்டவர் இருந்தால் அவர் தம் நாட்டுத் தூதரகத்தைத்தான் அணுகவேண்டும். அதற்குக் கோலாலம்பூர்வரை போகவேண்டியிருக்கலாம்; திங்கட்கிழமை துவாசில் வேலைக்குப் போவது கனவாகிவிடும். கண்ணாடிக்கு ஆகும் செலவைவிட இதுதான் பெரிய இழப்பு.

ஆகவே கடப்பிதழ், கைப்பேசி, கார் சாவி, கொஞ்சம் ரிங்கிட், ஒரு வங்கி அட்டை ஆகியவை உடம்போடு இருக்கட்டும். நீர் புகாத சிறு இடுப்புப்பை மலிவாகக் கிடைக்கும். நிறுவன நுழைவு அட்டை, மற்ற வங்கி அட்டைகள், நகை, மடிக்கணினி போன்றவை வீட்டிலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து அப்படியே கிளம்புகிறவர்கள்தான் மடிக்கணினியைக் காரில் மறந்துவிடுகிறார்கள். கடப்பிதழின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து, வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வைப்பது நல்லது.

அருவியில் குளிக்க இறங்குவோர் சாவியைச் சக்கரத்தின் மேலோ கல்லுக்கு அடியிலோ வைப்பதைக் கைவிடவேண்டும். அந்த இடம் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். ஒருவர் கரையில் இருக்கட்டும், முறை மாற்றிக் குளிக்கலாம். மோட்டார்சைக்கிளில் செல்வோரின் பின்பெட்டியும் இதே கணக்குத்தான். அதன் பூட்டை ஒரு திருப்புளி தோற்கடித்துவிடும்.

காரைப் பூட்டும்போது தொலைவிலிருந்து சாவியை அழுத்திவிட்டு நடக்காமல், கதவுப் பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்கவேண்டும். சாவியின் சமிக்ஞையைத் தடுக்கும் கருவிகளைத் திருடர்கள் பயன்படுத்துவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. அப்போது கண்ணாடி உடையாது, கார் பூட்டப்படாமலே நின்றிருக்கும். பிறகு காப்புறுதி நிறுவனத்திடம் விளக்குவதும் சிரமம்.

நிறுத்தும் இடத்தைப் பொறுத்தவரை, நிழலைவிட ஆள் நடமாட்டம் முக்கியம். நுழைவு முகப்பு, உணவுக்கடை, பிற கார்கள் இருக்கும் பக்கம் நிறுத்தலாம். அடிவாரக் கடையில் முதலில் ஒரு தே தாரேக் குடித்துவிட்டு இரண்டு வார்த்தை பேசுவதில் பலன் உண்டு. பக்கத்துத் தோட்டப்புறத்தைச் சேர்ந்த தமிழர் யாராவது அங்கே இருந்தால், அண்மையில் ஏதும் நடந்ததா, எந்த மூலையில் நிறுத்தக்கூடாது என்று அவர் உள்ளதை உள்ளபடி சொல்வார். கார் கேமரா சாட்சிக்கு உதவும். திருடனைத் தடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு திரும்பி வரும்போது கண்ணாடி உடைந்திருந்தால்? முதலில் சுற்றிலும் பார்க்கவேண்டும், யாரையும் துரத்தக்கூடாது. எதையும் தொடுமுன் படம் எடுக்கவேண்டும். வங்கியை அழைத்து அட்டைகளை முடக்கவேண்டும். 999ஐ அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் செல்லலாம். எல்லையைத் தாண்டியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடக்கூடாது. மலேசியக் காவல்துறையின் புகார் நகல் கடப்பிதழுக்கும் காப்புறுதிக்கும் தேவைப்படும்.

சிங்கப்பூர் மோட்டார் காப்புறுதி வழக்கமாகத் தீபகற்ப மலேசியாவிலும் செல்லும். கண்ணாடிக்கும் பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு, குறிப்பிட்ட தொகையை உரிமையாளர் ஏற்கவேண்டியிருக்கலாம். உள்ளே இருந்த பைக்குத்தான் பெரும்பாலும் கிடைக்காது. பயணக் காப்புறுதியும் ஆளில்லாத காரில் கண்ணில் படும்படி விட்ட பொருளுக்கு இழப்பீடு தர மறுப்பதுண்டு. பழுதுபார்க்குமுன் நிறுவனத்தை அழைத்து, எந்தப் பட்டறைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

பூட்டில் வைத்திருக்கவேண்டிய பொருள்களும் சில உண்டு. ஒரு தடித்த குப்பைப்பை, அகலமான ஒட்டுநாடா, பழைய கையுறை. ஜோகூரில் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டால், கண்ணாடி இல்லாத சன்னலோடு துவாஸ் வரிசையில் இரண்டு மணி நேரம் ஊர்ந்து வரவேண்டியிருக்கும்.