அறுந்த நரம்புக்கு ஒரு பாலம்



முழங்கையை பெஞ்சு விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி சுரீர்னு இழுக்குமே, ஏன் தெரியுமா? அங்கே தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. கையில் பச்சையாகத் தெரிவதை நாம் நரம்பு என்கிறோம். ஆனால் அது ரத்தக்குழாய். உண்மையான நரம்பு வெள்ளைக் கயிறு போல இருக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகள் உண்டு. தொட்டால் தெரிவதும், விரல் அசைவதும் அவற்றால்தான்.

கையில் நரம்பு அறுந்தால் என்ன ஆகும்? வெட்டுக்குக் கீழே உள்ள இழைகள் அழிந்துவிடும். இதை 1850-இல் தவளையின் நாக்கு நரம்பில் கண்டுபிடித்தவர் வாலர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி. ஆனால் மேல்முனையிலிருந்து புது இழைகள் வளரும்! அதற்கு வழி வேண்டும்.

இரண்டு முனையும் பக்கத்தில் இருந்தால் டாக்டர்கள் நேராகத் தைத்துவிடுவார்கள். இடைவெளி அதிகம் என்றால் இழுத்துத் தைக்கக் கூடாது, சரியாகச் சேராது. அப்போது அவருடைய கெண்டைக்காலில் உள்ள ஒரு நரம்பை எடுத்து நடுவில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, முடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். இதுதான் நரம்பு ஒட்டு. கால் நரம்பை எடுத்தால் பாதத்தின் வெளிப்பக்கம் கொஞ்சம் மரத்துப்போகும். நடக்க ஒன்றும் கஷ்டமில்லை.

ஒட்டு வைத்த நரம்பு தானே வேலை செய்யாது. பாகற்கொடி ஏற நூல் கட்டுகிறோமே, அது மாதிரி புது இழைகளுக்கு வழி காட்டும். அவை ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். என் மணிக்கட்டிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஸ்கேலால் அளந்தேன், 14 செ.மீ. அப்படியென்றால் 140 நாள்! நரம்பு வந்து சேர ரொம்பத் தாமதமானால் தசை சூம்பிவிடும். பிறகு நரம்பு வந்தும் பயன் குறைவு.

எங்க பெரியப்பாவுக்குக் கரும்பு வெட்டும்போது மணிக்கட்டில் அரிவாள் பட்டது. காயம் ஆறிடுச்சு என்று இருந்துவிட்டார். சுண்டுவிரல் மட்டும் மரத்தே இருந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் ஒட்டு வைத்தார்கள். இப்போது சூடு பட்டால் தெரிகிறது. ஆனால் விரல்களை விரிக்க முடியவில்லை. சட்டைக்குப் பெரியம்மாதான் பட்டன் போட்டுவிடுகிறார்.

ஆகவே நண்பர்களே, வீட்டில் யாருக்காவது வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். ஒவ்வொரு விரலையும் தொட்டு, "தெரியுதா?" என்று கேளுங்கள். அசைக்கச் சொல்லுங்கள். மரத்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். தோல் ஆறினால் மட்டும் போதாது, உணர்வும் திரும்பணும்!



– 9ஆம் வகுப்பு மாணவி