ஒட்டகம் எதையும் அமைத்துக்கொள்ளவில்லை

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் "தகவமைப்புன்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் பதில் வரும்: "உயிரினங்கள் தாம் வாழும் சூழலுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்வது தகவமைப்பு எனப்படும்." சரி என்று எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியைக் காட்டி, "இதுகிட்ட ஒரு தகவமைப்பு சொல்லு" என்றால் சத்தம் நின்றுவிடும். வரையறை மனப்பாடம். ஆனால் அந்த வார்த்தைக்கும் சுவரில் இருக்கும் பல்லிக்கும் சம்பந்தம் உண்டு என்பதே பிள்ளைக்குத் தெரியாது.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாமுக்குப் போனால் ஒரு நாளாவது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுக்கச் சொல்வார்கள். 2021-ல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகப் போன அக்கா, அண்ணன்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். "இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைதானே, சயின்ஸ் நீயே எடுத்துடு" என்று நம் தலையில்தான் கட்டுவார்கள். நாமும் கையில் கிடைத்த பாடத்தைத் திறந்து, தடித்த எழுத்தில் இருக்கும் சொற்களைப் போர்டில் எழுதி, நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு வருவோம். அதற்குப் பதிலாக வேறு என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில், விலங்குகளைப் பற்றிய அறிவியல் சொற்களில் பாதி பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. மீன் வாங்கும்போது அம்மா மூடியைத் தூக்கி, உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பாரே, அதுதான் செவுள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு 'கில்ஸ்' என்று ஸ்பெல்லிங்கோடு தெரியும். தமிழ் மீடியம் பிள்ளைக்கு 'செவுள்கள் மூலம் சுவாசிக்கிறது' என்ற வரி தெரியும். இரண்டு பேருமே சந்தையில் அந்தச் சிவப்பைப் பார்த்தவர்கள்தான். ஏன் அது அவ்வளவு சிவப்பு? தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுக்க வேண்டுமென்றால் ரத்தம் தண்ணீருக்கு மிக அருகில், மெல்லிய தோலுக்குப் பின்னால் ஓட வேண்டும். அதனால் அந்த இடம் முழுக்க ரத்தக் குழாய். இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் 'செவுள்' என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

பறவைகளின் பெயர்கள் இன்னும் சுலபம். மீன்கொத்தி, மரங்கொத்தி, தேன்சிட்டு: தின்பது என்ன, தின்பது எப்படி என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அரிவாள் மூக்கனின் அலகு அரிவாள் மாதிரியே வளைந்திருக்கும். சேற்றுக்குள் விட்டுத் துழாவ அது வசதி. கரண்டிவாயனின் அலகு நுனி தட்டையான கரண்டி. ஆழமில்லாத தண்ணீரில் அதை இடமும் வலமுமாக வீசி, சிக்கும் சின்ன உயிர்களைப் பிடிக்கும். வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தை குத்தி நாரைக்கு மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். வாயை மூடினாலும் அது மூடாது. வயல் நத்தையைப் பிடித்துக் கையாள அந்த அலகு உதவுகிறது. இந்த நான்கைந்து படங்களைக் காட்டிவிட்டு, பெயரைச் சொல்லாமல் "இது என்ன சாப்பிடும்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். பெயரைக் கடைசியில் சொன்னால் "அட, பேருலயே இருக்கே" என்று ஒரு சிரிப்பு வரும். என்னைக் கேட்டால், துருவக் கரடியில் ஆரம்பிப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

இந்த இடத்தில் ஒரு சின்னச் சிக்கல். 'அலகு' என்றால் பாடப்புத்தகத்தில் யூனிட். பாடத்தின் தலைப்பிலேயே 'அலகு 1, அலகு 2' என்றிருக்கும். இயற்பியலில் மீட்டரும் கிலோகிராமும் அலகுதான். பறவையின் வாயும் அலகு. வீட்டில் பிள்ளை அதை 'மூக்கு' என்றுதான் சொல்லும். அரிவாள் மூக்கன் என்று பேர் வைத்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அதைத் தப்பு என்று அடிக்க வேண்டியதில்லை. "நாம மூக்குன்னு சொல்றது, புத்தகத்துல அலகு. அதுல மேலே ரெண்டு சின்ன ஓட்டை தெரியுதா? அதுதான் அதோட நிஜ மூக்கு" என்று காட்டிச் சொன்னால் போதும்.

தமிழ்க் கலைச்சொற்களின் பலமே பிரித்தால் பொருள் தெரிவது. பாலூட்டி என்றால் பால் ஊட்டுவது, விளக்கமே வேண்டாம். ஆனால் இந்தப் பலத்திலேயே ஒரு பொறியும் இருக்கு. பிள்ளைகள் சொல்லைப் பிரித்துப் பார்த்து, அதையே வரையறை என்று எடுத்துக்கொள்வார்கள். இருவாழ்வி என்றால் நீரிலும் நிலத்திலும் வாழ்வது, முதலையும் அப்படித்தானே, அப்போ முதலை இருவாழ்வி! தர்க்கத்தில் தப்பே இல்லை, விடைதான் தப்பு. முதலை பிறந்ததிலிருந்து நுரையீரலால்தான் சுவாசிக்கும், உடம்பில் செதில் தோல், முட்டைக்கு ஓடு உண்டு. அது ஊர்வன. தவளையின் முட்டைக்கு ஓடு கிடையாது, தலைப்பிரட்டை செவுளால் சுவாசிக்கும், வளர்ந்த பிறகுதான் நுரையீரல். 'இரு வாழ்வு' என்பதை இரண்டு இடம் என்று சொல்வதைவிட, ஒரே ஆயுளில் இரண்டு விதமான வாழ்க்கை என்று சொல்லிக்கொடுத்தால் முதலை தானாகவே வெளியே போய்விடும்.

மீனின் 'துடுப்பு' இன்னொன்று. படகோட்டும் துடுப்பும் அதே சொல் என்பதால், மீன் பக்கத்துத் துடுப்பைப் போட்டுத்தான் முன்னே போகிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பெரும்பாலான மீன்களில் உந்துவது உடம்பும் வாலும். பக்கத் துடுப்புகள் திரும்பவும், நிற்கவும், சாயாமல் இருக்கவும். படகு தெரிந்த ஊர்ப் பிள்ளைகளிடம் "அது சுக்கான் வேலை" என்று சொன்னால் உடனே புரியும்.

இதெல்லாம் சின்னப் பொறிகள். பெரிய பொறி 'தகவமைப்பு' என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கு.

தகவு என்றால் பொருத்தம். தக்க, தகுதி, தகவு எல்லாம் ஒரே குடும்பம். தகவு + அமைப்பு = பொருத்தமான அமைப்பு. அழகான சொல், குறையே சொல்ல முடியாது. பிரச்சினை அதை வினையாக்கும்போது வருகிறது. "ஒட்டகம் பாலைவனத்தில் வாழ்வதற்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது." எத்தனை கைடுகளில், எத்தனை விடைத்தாள்களில் இந்த வாக்கியம்! இதில் வரும் 'தன்னை'யையும் 'கொண்டது'வையும் கவனியுங்கள். தமிழில் 'கொள்' சேர்த்தால் அந்த ஆளே தனக்காகச் செய்தது என்று பொருள். சட்டை போட்டுக்கொண்டான், தலை வாரிக்கொண்டாள், ஒட்டகம் தகவமைத்துக்கொண்டது. அப்போ பிள்ளை மனதில் என்ன படம் ஓடும்? ஒரு ஒட்டகம் பாலைவனத்துக்கு வந்தது, சுட்டெரித்தது, யோசித்தது, சரி என்று ஒரு திமிலை வளர்த்துக்கொண்டது.

உயிர்கள் தேவைக்கேற்ப முயன்று மாறி, அந்த மாற்றத்தைக் குட்டிகளுக்குக் கொடுக்கின்றன என்பதை 1809-ல் லாமார்க் ஒரு புத்தகமாகவே எழுதினார். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்ட கதை அவருடையதுதான். 1859-ல் டார்வின் புத்தகம் வந்த பிறகு கணக்கு மாறியது. ஒரே இனத்துக்குள் பிறவியிலேயே வித்தியாசங்கள் இருக்கும்; சூழலுக்குப் பொருந்தியவை கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலாகக் குட்டி போடும்; பல தலைமுறையில் அந்தக் குணம் பெருகும். எந்தத் தனி விலங்கும் எதையும் அமைத்துக்கொள்வதில்லை. பாடத்தில் டார்வினைச் சொல்லிக்கொடுக்கும் வருஷம் வரும்போது, நம் வாக்கியம் ஆறாம் வகுப்பிலேயே லாமார்க்கை உட்கார வைத்துவிட்டிருக்கும். அவரை எழுப்புவது லேசான வேலை இல்லை.

இன்ஜினியரிங் மாணவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம் என்று நினைக்கிறேன். நமக்கு எதைப் பார்த்தாலும் டிசைன். ஜப்பானில் 500 வரிசை புல்லட் ட்ரெயினின் மூக்கை எய்ஜி நகாட்சு என்ற பொறியாளர் மீன்கொத்தியின் அலகைப் பார்த்து வடிவமைத்த கதையை நம்மில் பலர் செமினாரில் சொல்லியிருப்போம். 1997-ல் அந்த ரயில் ஓடியது. அங்கே ஒரு பிரச்சினை இருந்தது (சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது வெடிச்சத்தம்), தீர்க்க ஓர் ஆள் இருந்தார், வரைபடம் இருந்தது. மீன்கொத்திக்கு அப்படி யாரும் கிடையாது. வடிவமைப்பு, தகவமைப்பு இரண்டும் ஒரே மாதிரி முடிவதால் நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

ஒட்டகத்துக்கே வருவோம். திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு. இது பலருக்கும் தெரியும். தண்ணீரை மிச்சப்படுத்துவது வேறு வழியில். காலையில் சுமார் 34 டிகிரி இருக்கும் உடல் வெப்பத்தைப் பகலில் 40 டிகிரி வரை ஏற விட்டுவிடும். நமக்கு அது ஜுரம்; ஒட்டகத்துக்கு, வியர்த்துத் தண்ணீரை வீணாக்காமல் இருக்க ஒரு வழி. ஆனால் இதைவிட சுவாரசியமானது அதன் ஊர். ஒட்டகக் குடும்பம் தோன்றியது வட அமெரிக்காவில். கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக்கில் இருக்கும் எல்ஸ்மியர் தீவில் சுமார் 35 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பெரிய ஒட்டகத்தின் எலும்புத் துண்டுகள் கிடைத்ததை 2013-ல் வெளியிட்டார்கள். அப்போது அங்கே காடு. நீண்ட, இருட்டான, பனி கொட்டும் குளிர்காலம். அகன்ற பாதமும் கொழுப்புத் திமிலும் மணலுக்கு முன்னாலேயே பனியில் உதவியிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து. பாலைவனத்துக்காகத் தன்னை மாற்றிக்கொண்ட ஒட்டகம் என்ற கதை இந்த எலும்புக்கு முன்னால் கொஞ்சம் தடுமாறுது, இல்லையா?

அப்படியானால் வகுப்பில் எப்படிச் சொல்வது? வாக்கியத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்தது. "ஒட்டகம் அகன்ற பாதத்தை அமைத்துக்கொண்டது" வேண்டாம். "ஒட்டகத்துக்கு அகன்ற பாதம் இருக்கு, அதனால மணல்ல புதையாம நடக்க முடியுது" என்று சொல்லலாம். 'இருக்கு', 'அதனால முடியுது'. இந்த இரண்டும் போதும். பிள்ளைகள் எழுதும்போதும் இதே அச்சில் எழுதச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் புத்தக வரி வேண்டுமென்றால் அதைத் தனியாகப் படித்துக்கொள்ளட்டும்.

'கொள்' எங்கே சரி என்பதையும் காட்டலாம். அதற்குப் பல்லியை விட நல்ல வாத்தியார் இல்லை. ஆபத்து வந்தால் பல்லி வாலைத் துண்டித்துக்கொள்ளும். அது அந்தப் பல்லியே, அந்த நிமிஷமே செய்வது. அங்கே 'கொள்ளும்' சரி. ஆனால் அப்படிக் கழன்று விழக்கூடிய வால் அதற்குப் பிறவியிலேயே இருக்கு. அது தகவமைப்பு. சுவரில் ஒட்டுவதும் அப்படியே. பிள்ளைகள் பசை என்பார்கள், காற்றை உறிஞ்சும் கப் என்பார்கள். இரண்டும் இல்லை. விரலுக்கு அடியில் மிக நுண்ணிய லட்சக்கணக்கான மயிரிழைகள், ஒவ்வொன்றின் நுனியும் மேலும் பிரிந்து சுவரை மிக நெருக்கமாகத் தொடுகிறது. முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில் படித்துவிட்டு மறந்த வான் டெர் வால்ஸ் விசைதான் அங்கே வேலை செய்கிறது. கெல்லர் ஆட்டம் குழுவினர் 2002-ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள்.

ஹாஸ்டல் சாம்பார் மூன்றாவது மாதம் பழகிப்போவது மட்டும் எந்தக் கணக்கிலும் தகவமைப்பு இல்லை. அதற்குத் தமிழில் 'பழகுதல்' என்று தனிச் சொல்லே இருக்கு. பிள்ளைகளிடம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு விளையாட்டு. செலவு இரண்டு கலர் பேப்பர். பச்சையில் 20, செம்பழுப்பில் 20 என்று விரல் நக அளவுத் துண்டுகள் வெட்டிப் புல்தரையில் தூவுங்கள். அவைதான் பூச்சிகள். நான்கு பிள்ளைகள் காக்கை. பத்து வினாடிக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பொறுக்க வேண்டும். தப்பித்த ஒவ்வொரு துண்டுக்கும் அதே நிறத்தில் ஒரு குஞ்சு சேர்த்து மறுபடி தூவுங்கள். மூன்று சுற்று ஆடி, ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கையையும் போர்டில் எழுதுங்கள். பெரும்பாலும் பச்சை ஏறிக்கொண்டே போகும். அப்போது கேளுங்கள்: "இதுல எந்தப் பேப்பராவது தன்னைப் பச்சையா மாத்திக்கிச்சா?" இல்லை என்று கத்துவார்கள். அதற்குப் பிறகு 'உருமறைப்பு', 'தகவமைப்பு' இரண்டையும் போர்டில் எழுதலாம். எழுதிவிட்டு அதே துண்டுகளை அள்ளிக்கொண்டு செம்மண் தரைக்குப் போங்கள். என்ன நடக்கும் என்று தூவுவதற்கு முன்பே பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள்.