அது ஃபெர்ன் இல்ல, டைனோசர் முட்டையும் இல்ல

பிளஸ் ஒன் படிக்கும் என் தங்கச்சி புவி அறிவியல் ஒலிம்பியாடுக்குத் தயார் பண்றா. பள்ளி மாணவர்களுக்காக 2007-ல் கொரியாவில் தொடங்கிய சர்வதேசப் போட்டி இது. 2013-ல் நம்ம மைசூரிலேயே நடந்திருக்கு. லீவுக்கு அயோத்தியாப்பட்டணம் போனப்போ, பக்கத்து வீட்டில் தளம் போட்டு மிச்சமான ஒரு கல்துண்டை எடுத்துட்டு வந்தா. மேலே கறுப்பா, ஃபெர்ன் இலை மாதிரியே ஒரு வடிவம். "அண்ணா, ஃபாசில் தானே?"ன்னு கேட்டா. நானும் யோசிக்காம ஆமான்னு சொல்லிட்டேன்.

தப்பு. அதுக்குப் பேர் டென்ட்ரைட். கல்லில் இருக்கும் மெல்லிய விரிசலுக்குள் மாங்கனீஸ் கலந்த தண்ணீர் புகுந்து, கிளை கிளையாகப் படிந்த வெறும் தாது. உத்துப் பார்த்தா நடுநரம்பு கிடையாது, இலைக்குக் காம்பு கிடையாது, கிளைகள் எந்த ஒழுங்கும் இல்லாம விரியும். உயிர் எதுவும் அங்கே வாழ்ந்ததே இல்லை.

அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் கத்துக்கிட்ட பாடம்: வடிவத்தைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. மூணு கேள்வி கேட்கணும்.

முதல் கேள்வி, இது என்ன பாறை? சேலத்தைச் சுத்தி இருப்பது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் வகைப் பாறைகள். வயது சுமார் 250 கோடி வருஷம். பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. அதில் கிளிஞ்சலைத் தேடுவது வீண் வேலை. புதைபடிவம் வேணும்னா சேறும் மணலும் படிந்து உருவான படிவுப் பாறைக்குத்தான் போகணும். நமக்குப் பக்கம் அரியலூர், பெரம்பலூர். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி அங்கே கடல் இருந்தது.

ரெண்டாவது கேள்வி, சமச்சீர் எப்படி? கிளிஞ்சலில் ரெண்டு ஓடும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கும். ஆனா ஒரு ஓட்டை மட்டும் எடுத்தா இடமும் வலமும் ஒத்துப் போகாது. பிராக்கியோபாட் நேர் எதிர்: ஒவ்வொரு ஓடும் இடவலம் ஒத்துப் போகும், ஆனா மேல் ஓடும் கீழ் ஓடும் வேற வேற. சிப்பி ரெண்டுக்கும் அடங்காது, கோணல்மாணலா வளரும். அரியலூர் சுண்ணாம்புப் பாறையில் சிப்பி நிறைய, அதனால இந்த விதிவிலக்கை மறந்துடாதீங்க.

மூணாவது கேள்வி, உள்ளே என்ன அமைப்பு? சுருள் ஓடு எல்லாம் நத்தை இல்லை. நத்தை ஓட்டுக்குள் தடுப்பு இருக்காது. அம்மோனைட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புச் சுவர்கள் இருக்கும். அந்தச் சுவர் ஓட்டைத் தொடும் கோடு, நாட்டிலஸில் எளிமையான வளைவு. அம்மோனைட்டில் நெளிநெளியா மடிஞ்சு கிடக்கும்.

இதெல்லாம் போட்டி மார்க்குக்கு மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைச்சப்போ, டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப் முழுக்கப் பரவுச்சு. மக்கள் நம்பினதுக்குக் காரணமும் இருக்கு: 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரியலூர் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாக அறிவிச்சிருந்தாங்க. ஆனா குன்னத்துக் கற்கள் முட்டை இல்லைன்னு நிபுணர்கள் விளக்கினாங்க. கடலடிச் சேற்றில் அம்மோனைட் மாதிரி ஏதாவது ஒண்ணைச் சுத்தித் தாது இறுகி உருண்டையாகும். உண்மையான முட்டைக்கு மெல்லிய ஓடு இருக்கணும், நுண்ணோக்கியில் அதில் காற்றுத் துளைகள் தெரியணும். மூணாவது கேள்வியை யாராவது கேட்டிருந்தா, ஃபார்வேர்ட் பண்றதுக்கு முன்னாடியே விஷயம் முடிஞ்சிருக்கும்.

படிக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. படத்தைப் பார்த்துப் பேரை மனப்பாடம் பண்ணாதீங்க. ஒவ்வொரு மாதிரிக்கும் பேருக்குப் பக்கத்தில் "ஏன் வேற எதுவும் இல்லை?"ன்னு ஒரு வரி எழுதுங்க. தேர்வில் உடைஞ்ச துண்டும் வரலாம், எப்பவும் முழு ஓடு வரும்னு நம்பாதீங்க.

முடிஞ்சா சாத்தனூர் போங்க. எங்க ஊரைத் தாண்டிப் போகும் ஆத்தூர் ரோட்டில் போய்ப் பெரம்பலூர் பக்கம் திரும்பினா வரும். 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் அங்கே படுத்துக் கிடக்குது. ஃபோட்டோ எடுங்க, அளந்து பாருங்க, வரைஞ்சு வையுங்க. ஒரு துண்டைக்கூட உடைச்சு எடுத்துட்டு வராதீங்க.

அந்தத் தரைக்கல் இப்பவும் தங்கச்சி மேசையில்தான் இருக்கு. மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கா: "டென்ட்ரைட். அண்ணன் சொன்னது தப்பு."