காவல் நாய்க்குக் கறிக்குழம்பு வைக்கலாமா?

எங்கள் காட்டில் செவலை என்று ஒரு நாய் இருக்கிறது. ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை. தெருவில் பிறந்த குட்டி, ஒரு மழை நாளில் எங்கள் வெங்காயப் பட்டறைக்கு அடியில் ஒதுங்கியது, அப்படியே தங்கிவிட்டது. 6 வருஷமாச்சு. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு நாயின் அருமை தெரியும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் கால் ஏக்கரைச் சாய்த்துவிட்டுப் போகும். கம்பி வேலி போடக் காசில்லை. வெடி வைக்க மனசும் வராது, சட்டமும் விடாது. எனக்கு இருக்கிற வேலி செவலைதான்.

போன மாசியில் அந்த வேலி படுத்துவிட்டது.

சிவராத்திரி முடிந்து குலசாமிக்குக் கிடா வெட்டினோம். பந்தி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு தேக்சாவில் குழம்பு நிறைய மிச்சம் இருந்தது. கறித்துண்டு அதிகம் இல்லை, மசாலாதான் கெட்டியாக அடியில் கிடந்தது. வீணாகப் போவதை நாய்க்காவது வைப்போம் என்று பிரிட்ஜில் எடுத்து வைத்து, 3 நாள், காலையும் ராத்திரியும் சோற்றில் பிசைந்து வைத்தேன். செவலை தட்டை நக்கி நக்கிப் பளபளவென்று ஆக்கிவிட்டது. எனக்கும் சந்தோஷம். நம்மை நம்பிக் காட்டில் கிடக்கிற ஜீவன், திருவிழா அதற்கும் இருக்கட்டுமே.

5ஆம் நாள் ராத்திரி அது குரைக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் மோட்டார் ரூம் ஓரமாகப் படுத்திருந்தது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டியது. எழுந்து நாலு எட்டு வைத்ததும் மூச்சு வாங்கியது. சிமெண்டுத் தரையில் அது இருந்த மூத்திரம் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்துப்போய், லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பன்றிக்கு யாரோ வைத்த விஷத்தைத் தின்றிருக்கும் என்றார் பக்கத்துக் காட்டுக்காரர். உண்ணிக் காய்ச்சல் என்றான் தம்பி. வீட்டம்மா என்னைத்தான் பிடித்துக்கொண்டார்: “அப்பவே சொன்னேன்ல, அவ்வளவு காரத்த வாயில்லா ஜீவனுக்கு ஊத்தாதீங்கன்னு. கொடல அரிச்சிருக்கும்.” எனக்கும் காரம்தான் என்று பட்டது. டெம்போவில் ஏற்றிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம்.

என்ன தின்றது என்று கேட்டார். “கறிக்குழம்பு சார். காரம் கொஞ்சம் ஜாஸ்தி” என்றேன்.

“காரத்த விடுங்க. வெங்காயம் எவ்வளவு போட்டீங்க?”

வெங்காய ஊர்க்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! 10 கிலோ கறிக்கு 3 கிலோ சின்ன வெங்காயம் உரித்துப் போட்டது. அரைக் கிலோ பூண்டும் தட்டிப் போட்டது. அவர் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். உண்ணிக் காய்ச்சலில் சிவப்பணுவுக்கு உள்ளே கிருமி உட்கார்ந்திருக்கும், அதிலும் மூத்திரம் இப்படித்தான் போகும், அதனால்தான் முதலில் அதைத் தேடினேன் என்றார். கிருமி இல்லை. என்னையும் பார்க்கச் சொன்னார். வட்ட வட்டமான சிவப்பணுக்களின் ஓரத்தில் சின்ன மொட்டு விட்டாற்போலக் கருமையாக ஒட்டிக்கொண்டிருந்தது. வெங்காயம் பண்ணின வேலை இது என்றார்.

“வேற என்ன குடுக்கறீங்க?” என்றார்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமையாகச் சொன்னேன்: “தினமும் 4, 5 பல் பூண்டு தட்டி மோர்ச்சோத்துல வைக்கிறேன் சார், 1 மாசமா. உண்ணி அண்டாதுன்னு. மருந்து எதுவும் போடறதில்ல, எல்லாம் இயற்கைதான்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் அன்றைக்குச் சொன்னதையும், அப்புறம் நான் தேடிப் படித்ததையும் நம் உழவர்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஏனென்றால் உண்ணிக்குப் பூண்டு என்ற வைத்தியத்தை எனக்குச் சொன்னதும் நம்மைப்போல இயற்கை விவசாயம் செய்கிற ஒரு நண்பர்தான். நானும் அதை 4 பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் காரத்தைப் பார்த்துவிடலாம். மிளகாயில் இருக்கிற கேப்சைசின் என்ற பொருள் பாலூட்டிகளின் வாயில் சூடு உணர்கிற நரம்பைத் தட்டி எழுப்புகிறது. நமக்கு எரிவதுபோலத்தான் நாய்க்கும் எரியும். பறவைக்கு அந்த எரிச்சல் தெரியாது, அதனால்தான் கிளி மிளகாய்ச் செடியில் உட்கார்ந்து பழத்தை நிதானமாகக் கொத்துகிறது. காரம் அதிகமானால் நாய் வாந்தி எடுக்கும், வயிற்றால் போகும், தண்ணீர் தண்ணீர் என்று அலையும். பழக்கமில்லாத நாய்க்கும் குட்டிக்கும் இது பெரிய அவஸ்தை. வயிற்றால் போய்ப் போய் உடம்பில் நீர் வற்றினால் குட்டி தாங்காது. அதனால் காரம் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் சோற்றில் கலந்த அளவு மிளகாய் ரத்தத்தைக் கெடுப்பதில்லை. காரம் சொல்லிவிட்டு வருகிறது, நாயே தட்டை விட்டு ஒதுங்கிவிடும். வெங்காயம் வதங்கி இனிப்பாக இருக்கிறது, கறி வாசனையோடு கலந்திருக்கிறது. ஒதுங்காது.

வெங்காயத்தை நறுக்கும்போது மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அது கந்தகச் சேர்மங்களின் வேலை. அந்த வகைச் சேர்மங்களில் சில நாயின் ரத்தத்தில் கலந்ததும் சிவப்பணுவில் இருக்கிற ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடுகின்றன. நம் சிவப்பணு தாக்குப்பிடிக்கும், நாயுடையது பிடிக்காது. கெட்டுப்போன அணுக்களை உடம்பே உடைத்துத் தள்ளுகிறது. ரத்தம் குறைகிறது, உடைந்த ரத்தத்தின் நிறம் மூத்திரத்தில் இறங்குகிறது. இது ஒரே நாளில் தெரியாது, சில நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் நாம் குழம்பை மறந்துவிட்டு வேறு காரணம் தேடிக்கொண்டிருப்போம். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், வெங்காயத்தாள், பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். வதக்கினாலும் கொதிக்க வைத்தாலும் காய வைத்துப் பொடியாக்கினாலும் இந்தக் குணம் போவதில்லை.

அளவு? நாயின் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் வெங்காயம் ஒரே தடவையில் உள்ளே போனால் பாதிப்பு வருகிறது என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. செவலையை நான் தூக்கிக்கொண்டு வெங்காயத் தராசில் நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். 18 கிலோ. அப்படியென்றால் 90 கிராம். ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாள் போனாலும் கணக்கு சேரும். பூண்டு எடைக்கு எடை வெங்காயத்தைவிட 3 முதல் 5 மடங்கு கடுமை என்கிறார்கள். நான் 1 மாசம் தினமும் பூண்டு கொடுத்து அதன் ரத்தத்தைத் தளர்த்தி வைத்திருந்தேன். அதன் மேல் திருவிழாக் குழம்பை ஊற்றினேன்.

இன்னொரு விஷயம் எனக்கே புதிது. திராட்சையும் கிஸ்மிஸும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது 20 வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த சேதி. ஏன் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது. 2022இல் அமெரிக்க கால்நடை மருத்துவர்கள் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகம் கெட்டதை அதில் எழுதியிருக்கிறார்கள். புளியிலும் திராட்சையிலும் பொதுவாக இருக்கிற டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. வத்தக்குழம்பும் மீன்குழம்பும் மிச்சமானால் நேராக நாய்த்தட்டுக்குப் போகிற நம் வீடுகளில் இதை யோசிக்க வேண்டும். பாயசத்தில் கிடக்கிற கிஸ்மிஸும் அப்படியே.

எலும்பைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை, ஆனாலும் போடுகிறோம். வெந்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும், தொண்டையிலோ குடலிலோ குத்தும். குழம்பின் மேலே மிதக்கிற கொழுப்பையும் எண்ணெயையும் வழித்து ஊற்றினால் சில நாய்களுக்குக் கணையம் வீங்கி உயிருக்கே வந்துவிடும்.

“எங்க காலத்துல நாய் குழம்புச் சோறுதானே தின்னுச்சு, செத்தா போச்சு?” என்று ஊரில் பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எங்கள் அப்பாயி காலத்தை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாய்ச்சட்டியில் இருந்தது கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், நீத்தண்ணி, மோர். வீட்டில் கறி எடுப்பது தீபாவளி, பொங்கல், சாமி கும்பிடு என்று வருஷத்தில் 3, 4 தடவை. அந்தக் குழம்பும் மனுசருக்கே பத்தாது. வெங்காயம் விளைந்தது, ஆனால் அது விற்கிற பொருள், இப்போதுபோல வாரி இறைக்க மாட்டார்கள். அதையும் தாண்டி, அன்றைக்கு ஒரு நாய் செத்தால் ஏன் செத்தது என்று யார் பார்த்தார்கள்? கொல்லையில் குழி தோண்டிப் போட்டுவிட்டு அடுத்த குட்டியைக் கொண்டுவந்தார்கள்.

கூழ் நாய்க்கு ஆகுமா என்றால், நன்றாகவே ஆகும். ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013இல் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாவுப்பொருளைச் செரிக்க வைக்கிற மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல பிரதிகள் கூடுதலாக இருக்கிறதாம். மனுசன் தானியம் விளைவிக்க ஆரம்பித்ததும் அவன் மிச்சத்தைத் தின்று தின்று நாயின் குடல் மாறியிருக்கிறது. உழவனோடு சேர்ந்து உழவனாக மாறிய ஜீவன் என்று சொல்லலாம். ஆனால் வெங்காயத்துக்கு மட்டும் அது மாறவில்லை.

செவலைக்கு மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றினார், சத்து ஊசி போட்டார். இதற்கு முறிவு மருந்து என்று ஒன்றும் கிடையாது. கொடுப்பதை நிறுத்த வேண்டும், புது ரத்தம் ஊறும்வரை உடம்பைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ரொம்ப முற்றினால் வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். சென்னை வேப்பேரி கல்லூரியில் நாய்க்கு ரத்த வங்கி இருக்கிறது, நம் காட்டுக்கு அது எப்படி வரும்? தின்ற உடனே தெரிந்தால், 1, 2 மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் வாந்தி எடுக்க வைத்துவிடலாமாம். நாமாக உப்புத்தண்ணீரைக் கரைத்து ஊற்றக் கூடாது, அந்த உப்பே விஷமாகிவிடும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: நாய் சோர்ந்து கிடந்தால் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் மறுநாள் பார்ப்போம் என்று வைக்காதீர்கள்.

10 நாள் அது எழுந்திருக்கவில்லை. பன்றி 2 தடவை இறங்கியது. 3 வாரம் கழித்து ஒரு ராத்திரி குரைப்புச் சத்தம் கேட்டு நாங்கள் எல்லாரும் விழித்துக்கொண்டோம். வீட்டம்மா எழுந்து உட்கார்ந்து, “வந்துட்டான்” என்றார்.

இப்போது கறி எடுத்தால் மசாலா போடுவதற்கு முன்பே, வெறும் மஞ்சள் போட்டு வெந்த கறியில் 2 கரண்டி அதற்கென்று எடுத்துவிடுகிறோம். உப்பு, வெங்காயம் எதுவும் இல்லை. மற்ற நாளில் கேழ்வரகுக் களி, மோர், வெந்த பரங்கிக்காய், 2 நாளைக்கு ஒருதரம் அவித்த முட்டை. செலவு கூடவில்லை, கரண்டி போடுகிற நேரம்தான் மாறியிருக்கிறது.

மாடு வைத்திருக்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். விலை விழுந்தால் கழிவு வெங்காயத்தை மாட்டுத் தொட்டியில் கொட்டுவது எங்கள் பக்கம் சகஜம். ஆடு ஓரளவு தாங்கும். மாட்டுக்கு அதைவிடச் சீக்கிரம் இதே ரத்தச்சோகை வரும். தீவனத்தில் கொஞ்சமாகக் கலக்கலாம், வெங்காயமே தீவனமாகிவிடக் கூடாது.

பூச்சிக்கு அடிக்கிற இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலை ஊற வைக்கிற வாளியை முன்பெல்லாம் மோட்டார் ரூம் வாசலில் வைப்பேன். இப்போது மூடி போட்டு உத்தரத்தில் தொங்குகிறது. உண்ணிக்கு, கையால் பிடுங்கிச் சோப்புத் தண்ணீரில் போடுகிறேன். அது பத்தாத மாதங்களில் மருத்துவர் கொடுத்த சொட்டு மருந்தைக் கழுத்தில் விடுகிறேன். கெமிக்கல்தான். “என்னண்ணே, 12 வருஷமா காட்டுக்கு ஒரு சொட்டு மருந்து அடிக்காதவரு, நாய்க்கு மட்டும் மருந்தா?” என்று பக்கத்துக் காட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் மக்காச்சோளத்துக்கும் சேர்த்துத்தான் செவலை குரைக்கிறது.