பத்துப் பேரை அறிந்தவர்

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்று வந்தவரைப் 'பட்டாளத்துக்காரர்' என்பர். மதிப்புடன் குறிப்பதாயின் 'ஹவில்தார்' என்று பதவிப் பெயராலேயே அழைப்பர். பட்டாளம் என்பது ஐரோப்பியரின் 'பட்டாலியன்' தமிழில் பெற்ற வடிவம். ஹவில்தாரோ, பொறுப்பளித்தலைக் குறிக்கும் 'ஹவாலா' என்னும் அரபுச் சொல்லும், உடையவர் எனப் பொருள்படும் 'தார்' என்னும் பார்சி ஈறும் இணைந்து பிறந்தவர். ஆக, அவர் பொறுப்பு ஒப்படைக்கப்பெற்றவர். எத்தனை பேரின் பொறுப்பு என்பதே காலாட்படை அமைப்பின் அடிப்படை வினா.

பண்டை அரபியர் பெரும்படையைக் 'கமீஸ்' என்றனர். கைபர்வாசிகள் நபி (ஸல்) அவர்களின் படையைக் கண்டு அச்சொல்லையே கூறினர் என்பதை ஹதீஸ் கற்றோர் அறிவர். முன்னணி, வலம், இடம், நடு, பின்னணி என ஐந்து கூறுகளாக அமைவதால் இப்பெயர் வந்தது என்பது உரையாசிரியர்கள் விளக்கம். இது களத்தில் நிற்கும் முறையே. உள்ளமைப்பைக் காதிஸிய்யாவில் காண்கிறோம். அங்கு ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் பத்துப் பேருக்கு ஓர் 'அரீஃப்' வீதம் நியமித்தார்கள் என்று தபரீ எழுதுகிறார். அரீஃப் என்றால் அறிந்தவர். கட்டளையிடுபவர் என்று பெயரிடாமல் அறிந்தவர் என்று பெயரிட்டது நம்மை வியக்க வைக்கிறது. போர் இரைச்சலில் ஒருவர் குரல் எட்டுவதும், ஒருவர் முகம் பார்த்து நிலையறிவதும் ஏறத்தாழ அத்தனை பேரளவில்தான். பின்னாளில் கூஃபாவில் வீரர்களின் உதவித்தொகையும் அரீஃபுகள் வழியே பங்கிடப்பட்டது.

சிறு குழு உறுதியாயிருந்தும் மேலிணைப்பு அற்றால் நேர்வது என்ன? நம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரே சான்று. 1780 செப்டம்பரில் கர்னல் பெய்லியின் கும்பெனிப் படை வடக்கிலிருந்து வந்து, காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படையுடன் சேர வேண்டியிருந்தது. மன்றோ முழுப் படையுடன் எதிர்சென்று சேராமல், ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். 10ஆம் நாள் ஹைதர் அலியும் திப்புவும் பெய்லியைச் சூழ்ந்தனர், வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி சிறைப்பட்டார். மைசூரின் ராக்கெட்டுகளை மட்டும் சொல்லிப் பெருமிதம் கொள்வோர் நம்மிடையே உளர். கும்பெனியின் பட்டாளங்கள் தம்மளவில் ஒழுங்குடையனவே. இரு படைகளும் சில மைல் இடைவெளியில் பிரிந்து நின்றதே அழிவுக்கு வழி என்பது நம் கருத்து.

அரியணையேறிய பின் திப்பு, 'ஃபத்ஹுல் முஜாஹிதீன்' என்னும் பார்சிப் போர்முறை நூலைத் தொகுப்பித்தார். காலாட்படை 'குஷூன்' என்னும் பெரும்பிரிவுகளாயிற்று. அதன் தலைவர் சிபஹ்தார். அதனுள் ரிஸாலா, அதனுள் ஜவ்க். ரிஸாலாவுக்கு ரிஸால்தார், ஜவ்குக்கு ஜவ்க்தார். கூட்டம் என்று பொருள்படும் ஜவ்கை நம் அரபு மாணவர் அகராதியில் எளிதில் காண்பர். திப்புவிடம் காலாட்படைத் தலைவராயிருந்த ரிஸால்தார், ஆங்கிலேயரிடம் குதிரைப்படைக்குரியவரானார்; குதிரைகள் போனபின் இன்று டாங்கிப் படைப்பிரிவுகளில் பணிபுரிகிறார்!

இன்றைய இந்தியக் காலாட்படையில், 1758இல் வேர்கொண்ட மதராஸ் ரெஜிமென்ட் உட்பட, பத்துப் பேரளவில் ஒரு செக்‌ஷன். மூன்று செக்‌ஷன் ஒரு பிளட்டூன். மூன்று பிளட்டூன் ஒரு கம்பெனி. நான்கு துப்பாக்கிக் கம்பெனிகளும் துணைப்பிரிவுகளும் சேர்ந்து ஒரு பட்டாலியன். பிளட்டூனைச் சுபேதாரோ நாயிப் சுபேதாரோ நடத்துவார். அந்தப் பத்துப் பேருக்குத் தலைவர், நம் ஊர்த் தெருவில் அப்பெயராலேயே அழைக்கப்படும் ஹவில்தார்.